20 அடியா, 40 ஹைகியூபா? பித்து கட்டி ஏற்ற எந்தக் கன்டெய்னர் எடுப்பது?

#1 பொள்ளாச்சிக்காரன்

வணக்கம். அப்பா காலத்திலிருந்து மஞ்சி மில் (தேங்காய் நார் ஆலை) நடத்துகிறோம். இதுவரை பித்து கட்டியை (தேங்காய் நார்த்தூளை அழுத்திச் செய்யும் கட்டி) வேறு ஏற்றுமதியாளர்களுக்குத்தான் கொடுத்து வந்தோம். இப்போது முதல்முறையாக நாங்களே நேரடியாக நெதர்லாந்துக்கு அனுப்பப் போகிறோம். 5 கிலோ கட்டி, 30 × 30 × 12 சென்டிமீட்டர். வாங்குபவர் 24 டன் கேட்கிறார், பாலட்டில் (ஃபோர்க்லிஃப்ட் தூக்குவதற்கான மரத்தட்டு) அடுக்கி வேண்டுமாம்.

என் சந்தேகம் இதுதான். 20 அடிப் பெட்டியின் கதவில் ஏறத்தாழ 28 டன் சரக்கு ஏற்றலாம் என்று எழுதியிருக்கிறது. என் சரக்கு 24 டன். அப்படியானால் ஒரு 20 அடி போதாதா? சரக்கு முகவரோ "40 ஹைகியூப் போட்டுடலாம் சார்" என்கிறார். ஏன் என்று கேட்டால் "பித்துக்கு எல்லாரும் அதுதான் எடுக்கிறாங்க" என்கிறார். காரணம் தெரியாமல் பணம் கட்ட மனம் வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 முத்துநகர் யார்டு

தூத்துக்குடியில் சரக்குப் பெட்டக நிலையத்தில் 14 வருடமாக ஸ்டஃபிங், அதாவது பெட்டிக்குள் சரக்கு ஏற்றும் வேலை பார்க்கிறேன். உங்கள் முகவர் சொன்ன முடிவு சரிதான். காரணம் தெரியவில்லை என்றால் அவர் புதியவராக இருக்க வேண்டும்.

பெட்டி எவ்வளவு தாங்கும் என்பது வேறு, எவ்வளவு கொள்ளும் என்பது வேறு. கதவில் எழுதியிருப்பது தாங்கும் கணக்கு. கொள்ளும் கணக்கை நாம்தான் போட வேண்டும். 24 டன் என்றால் 4,800 கட்டி. ஒரு கட்டி 0.0108 கனமீட்டர். மொத்தம் 51.84 கனமீட்டர், அதுவும் இடைவெளி ஏதும் விடாமல். 20 அடிப் பெட்டியின் உள்ளே இருப்பதே 33 கனமீட்டர்தான். சாதாரண 40 அடியில் 67, ஹைகியூபில் 76.

உள்ளளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி ஓரிரு சென்டிமீட்டர் மாறும்.

20 அடி: நீளம் 5.90 மீட்டர், அகலம் 2.35, உயரம் 2.39.
40 அடி: நீளம் 12.03, அகலமும் உயரமும் அதே.
40 ஹைகியூப்: நீளம், அகலம் அதே. உயரம் மட்டும் 2.70. அந்த ஒரு அடி வித்தியாசம்தான் அதன் பெயருக்குக் காரணம்.

எடைக்கு வாருங்கள். பலரும் தடுமாறும் இடம் இது. 40 அடி என்றால் 20 அடியைப் போல இரண்டு மடங்கு எடை ஏற்றலாம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 20 அடி வெறும் பெட்டி 2.2 முதல் 2.4 டன், மொத்த எடை உச்சவரம்பு 30.48 டன். ஹைகியூப் வெறும் பெட்டி 3.9 டன் அளவில் வரும். பழைய பெட்டி என்றால் அதற்கும் 30.48 டன்தான் உச்சவரம்பு, புதியவற்றில் 32.5. கழித்துப் பாருங்கள். பழைய ஹைகியூப் ஒன்று 20 அடியை விடக் குறைவான சரக்கைத்தான் தாங்கும்! இடம் இரட்டிப்பாகும், எடை இரட்டிப்பாகாது.

#3 கருங்கல்

கிருஷ்ணகிரியிலிருந்து. முத்துநகர் அண்ணன் சொன்னதற்கு நேர் எதிர் ஊர் நாங்கள். கிரானைட் ஒரு கனமீட்டர் 2.7 டன் வரும். 27 டன் ஏற்றினால் பெட்டிக்குள் 10 கனமீட்டர்தான் நிரம்பும். மூன்றில் இரண்டு பங்கு காற்று. புதிதாக வரும் சூப்பர்வைசர் பையன்கள் "சார், இன்னும் இடம் இருக்கே" என்பார்கள். இடம் இருக்கும், அனுமதி இருக்காது.

எங்களுக்கு 40 அடியால் ஒரு பயனும் இல்லை. 20 அடிக்கும் ஒரு சிக்கல் உண்டு. பெட்டியின் தரை 28 மில்லிமீட்டர் பிளைவுட். கீழே இரும்புக் குறுக்குச் சட்டங்கள். முழு எடையையும் நடுவில் ஒரே இடத்தில் வைத்தால் தரை தொய்ந்துவிடும். அதனால் நீளவாக்கில் மரச்சட்டம் போட்டு அதன்மேல்தான் கல்லை இறக்குவோம். பிளாக்காக அனுப்பும்போது சில சமயம் ஓபன் டாப் எடுப்பதுண்டு. கூரைக்குப் பதில் தார்ப்பாய், கிரேனால் மேலிருந்து நேராக இறக்கலாம். வாடகை கேட்டால் மயக்கம் வரும், அது வேறு கதை.

#4 பொள்ளாச்சிக்காரன்

நன்றி அண்ணா. இப்போது 20 அடி ஏன் ஆகாது என்று புரிந்தது. ஆனால் என் சரக்கு 52 கனமீட்டர், சாதாரண 40 அடியில் 67 இருக்கிறதே. 15 கனமீட்டர் மிச்சம். பிறகு எதற்கு ஹைகியூப்?

#5 கணக்குப்பிள்ளை

பாலட்டுக்காக. கனமீட்டரில் கணக்குப் போட்டால் பெட்டியைத் தண்ணீர்த் தொட்டி மாதிரி பார்க்கிறீர்கள் என்று அர்த்தம். ஊற்றும் சரக்குக்கு அந்தக் கணக்கு சரிப்படும். அடுக்கும் சரக்குக்கு நீளம், அகலம், உயரம் மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

உள் அகலம் 2.35 மீட்டர். பக்கத்துக்கொரு பாலட்டாக இரண்டு நிற்க வேண்டுமானால் ஒன்று 1.17-க்கு மேல் போகக்கூடாது. 1.20 மீட்டர் பாலட் இரண்டைப் பக்கவாட்டில் நிறுத்த முடியாமல் போவது இதனால்தான். ஐரோப்பாக்காரர்களின் 1.20 × 0.80 பாலட் இந்தப் பெட்டிக்குள் எப்படிப் போட்டாலும் கொஞ்சம் இடத்தை வீணாக்கும். அதற்கென்றே அங்கே பக்கச் சுவரை மெல்லியதாக்கி, பாலட் வைட் என்று 45 அடிப் பெட்டி ஓடுகிறது. நம் பக்கம் அது எளிதில் கிடைக்காது, மறந்துவிடுங்கள்.

பித்து ஏற்றுமதியில் 1.14 × 1.14 மீட்டர் பாலட் ஏன் புழங்குகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? உங்கள் கட்டியின் அளவுதான் விடை. 30 + 30 + 30 + 12 + 12 = 114.

கட்டிகளைச் செங்குத்தாக நிறுத்துங்கள். 90 சென்டிமீட்டர் அகலத்துக்கு மூன்று வரிசை, வரிசைக்கு ஒன்பது கட்டி, ஆக 27. மீதி 24 சென்டிமீட்டர் பட்டையில் இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று, ஆக 6. ஒரு அடுக்கில் 33. அடுக்கின் உயரம் 30 சென்டிமீட்டர். ஏழு அடுக்குக்கு 231 கட்டி. உச்சியில் படுக்கையாக ஒன்பது வைத்தால் 240. எடை 1,200 கிலோ. இப்படி 20 பாலட் போனால் சரியாக 24 டன்.

இப்போது உயரம் பாருங்கள். பாலட் 14 சென்டிமீட்டர், ஏழு அடுக்கு 210, உச்சிப்படுக்கை 12. மொத்தம் 2.36 மீட்டர். சாதாரண 40 அடியின் உள் உயரம் 2.39 என்றதும் போய்விடும் என்று தோன்றும். ஆனால் கதவு 2.28 தான்! மேலே குறுக்கே ஒரு இரும்புச் சட்டம் தொங்குகிறது. உள்ளே நிற்கக்கூடிய சரக்கு வாசலில் நுழையாது. ஹைகியூபின் கதவு 2.58. ஃபோர்க்லிஃப்ட் தூக்கிக்கொண்டு போக இருபது சென்டிமீட்டர் மிச்சம். ஹைகியூப் எடுப்பதற்கு முழுக் காரணம் இதுதான்.

#6 முத்துநகர் யார்டு

ஐயா, தலைவணங்குகிறேன். 1.14 எங்கிருந்து வந்தது என்று இத்தனை வருடத்தில் நான் யோசித்ததே இல்லை.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அச்சிலிருந்து வந்த கட்டி இரண்டு நாளில் கொஞ்சம் உப்பும். 30 என்று சொன்னது 30.5 ஆகும். அளவுநாடாவை அச்சின் மேல் வைக்காதீர்கள், களத்தில் கிடக்கும் பழைய கட்டியின் மேல் வையுங்கள்.

#7 நேர்வழி

ஏன் இவ்வளவு கஷ்டம்? பாலட் இல்லாமல் தரையிலிருந்து அடுக்கினால் சாதாரண 40 அடியிலேயே போய்விடும். 40 எடுத்தால் எப்போதும் லாபம், நிரப்பிவிட வேண்டியதுதான்.

#8 கணக்குப்பிள்ளை

போகும், மறுக்கவில்லை. குறுக்கே 7, நீளத்தில் 40, ஒரு படுக்கைக்கு 280 கட்டி. 4,800 கட்டிக்குப் பதினெட்டாவது படுக்கையில் கால் வைத்திருப்பீர்கள். உயரம் 2.16 மீட்டர். தாராளம்.

ஆனால் "நிரப்பிவிட வேண்டியதுதான்" என்பதில்தான் ஆபத்து. ஹைகியூபில் இதே மாதிரி 21 படுக்கை போட்டால் 5,880 கட்டி, 29.4 டன். சாதாரணமாகக் கிடைக்கும் ஹைகியூபுக்கு அது அதிகம். அதே சரக்கு, அதே பெட்டி. பாலட்டில் வைத்தால் இடம் முதலில் தீர்கிறது. வெறும் கட்டியாக அடுக்கினால் எடை முதலில் தீர்கிறது. பித்து கட்டியைப் போல இப்படி இரண்டும் அருகருகே முடியும் சரக்கு அபூர்வம். பஞ்சு, துணி என்றால் கேள்வியே இல்லை, இடம்தான். கல், இரும்பு என்றால் எடைதான்.

அப்புறம், 4,800 கட்டியை நெதர்லாந்தில் யார் கையால் இறக்குவார்கள்? அந்தக் கூலியை வாங்குபவர் உங்கள் விலையில்தான் குறைப்பார்.

#9 பதினெட்டுச் சக்கரம்

டிரெய்லர் ஓட்டுகிறேன். எல்லோரும் பெட்டிக்கு உள்ளேயே அளக்கிறீர்கள். வெளியே யார் அளப்பது?

பொள்ளாச்சித் தம்பிக்கு ஒரு கேள்வி. உங்கள் மில் தோப்புக்குள்தானே? ஹைகியூப் வெளி உயரம் 2.9 மீட்டர். டிரெய்லர் தட்டு தரையிலிருந்து ஒன்றரை மீட்டர். மொத்தம் 4.4 மீட்டர். உங்கள் வழியில் மின்கம்பி எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது? தென்னை மட்டை எவ்வளவு தாழ்வு? ஒருமுறை ஆனைமலைப் பக்கம் ஒரு மில்லுக்குப் போய், கடைசி முந்நூறு மீட்டருக்கு ஒருவர் மூங்கில் கழியால் கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தார். இரவு இரண்டு மணி. இன்று நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. அதைச் செய்யவே கூடாது.

வண்டி திரும்ப இடம் வேண்டும். 40 அடிப் பெட்டி என்றாலும் முன்வண்டியோடு சேர்த்து 16 மீட்டருக்கு மேல் நீளம். பெட்டியைக் கீழே இறக்கி வைத்துவிட்டுப் போவோம் என்று நினைத்துவிடாதீர்கள், கிரேன் இல்லாமல் முடியாது. ஒன்றரை மீட்டர் உயரத்தில் நிற்கும் தட்டிலேயே நீங்கள் ஏற்ற வேண்டும். சாய்தளம் இருக்கிறதா? இல்லையென்றால் பாலட்டை லாரியில் போட்டு யார்டுக்குக் கொண்டுபோய் அங்கே ஸ்டஃபிங் செய்வதுதான் புத்திசாலித்தனம்.

20 அடி கனமான பெட்டி என்றால் நாங்கள் நீள டிரெய்லரில் நடுவில் வைப்போம், இல்லாவிட்டால் அச்சு ஒன்றில் சுமை ஏறிவிடும். நான்கு மூலையிலும் லாக் திருப்பியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்காமல் நான் வண்டியை எடுப்பதில்லை. வளைவில் பெட்டி மட்டும் கவிழ்ந்து கிடப்பதைச் சாலையில் பார்த்திருப்பீர்கள். அதெல்லாம் லாக் போடாத வண்டி.

#10 பொள்ளாச்சிக்காரன்

அண்ணா, கண்ணைத் திறந்துவிட்டீர்கள். எங்கள் வழியில் இரண்டு இடத்தில் கம்பி தாழ்வுதான். யார்டு ஸ்டஃபிங் என்றே முடிவு செய்கிறேன்.

அடுத்த கேள்வி. அமெரிக்காவிலிருந்தும் ஒருவர் விலை கேட்டிருக்கிறார். அதே 24 டன், அதே ஹைகியூப். துறைமுகம் மட்டும்தானே மாறும்?

#11 பழைய காயம்

இல்லை! தயவுசெய்து நிறுத்துங்கள்.

நான் பட்டதைச் சொல்கிறேன். அமெரிக்காவுக்கு முதல் ஹைகியூப், உள்ளே கிட்டத்தட்ட 25 டன். இங்கே ஏற்றினோம், கப்பல் ஏற்றுக்கொண்டது, பெட்டியின் வரம்புக்குள்தான் இருந்தது. அங்கே இறங்கியதும் வெளியே எடுக்க வண்டி மறுத்துவிட்டது. அந்த நாட்டு நெடுஞ்சாலையில் வண்டி, சேசிஸ் (பெட்டி உட்காரும் சக்கரச் சட்டம்), பெட்டி, சரக்கு எல்லாம் சேர்த்து 80,000 பவுண்டு, அதாவது 36.3 டன்தான் பொதுவான வரம்பு. அதில் வண்டியையும் வெறும் பெட்டியையும் கழித்தால் சரக்குக்கு 44,000 பவுண்டு, சுமார் 20 டன் மிஞ்சும். கூடுதல் அச்சுள்ள சேசிஸ் தேடி, சிறப்பு அனுமதி வாங்கி, அதற்குள் துறைமுக வாடகை ஏறி... அந்த வருட லாபம் அதிலேயே போனது. எங்களுக்கு ஏற்பாடு செய்த முகவரைக் கேட்டதற்கு, "நீங்கள் சேரும் துறைமுகம் வரைதானே கேட்டீர்கள்" என்றார். சட்டப்படி சரிதான்.

ஐரோப்பாவில் பொதுவாக 40 டன் வண்டி. 40 அடிப் பெட்டி ரயில் அல்லது கப்பல் வழியாக வந்து மிச்சத் தூரத்தைச் சாலையில் போனால் 44 வரை. அதனால் நெதர்லாந்துக்கு உங்கள் 24 டன் ஒரு பிரச்சினையே இல்லை. அமெரிக்கா என்றால் 19.5 டன்னுக்கு விலை போடுங்கள். பெட்டிக்கான கட்டணம் குறையாது, கட்டிக்கு விழும் பங்கு கூடும்.

#12 கருங்கல்

அங்கே உள்நாட்டில் 53 அடிப் பெட்டியும் ஓடும். அதைப் படத்தில் பார்த்துவிட்டு "53 அடி கிடைக்குமா" என்று என்னிடம் கேட்டவர் உண்டு. அது கப்பல் பெட்டி இல்லை, அகலமும் கூட. அந்த நாட்டுச் சாலைக்கும் ரயிலுக்கும் மட்டும்.

#13 கொழும்புத் துறை

வணக்கம். இங்கு வழியில் நின்று எல்லாவற்றையும் வாசித்தேன். உங்கள் பக்கத்துப் பெட்டிகளில் கணிசமானவை எங்கள் துறையில்தான் தாய்க்கப்பலுக்கு மாறுகின்றன. இங்கே பத்திரிகைகளில் கொள்கலன் என்றுதான் எழுதுவார்கள், பேச்சில் கொன்டெய்னர். நீங்கள் பெட்டி என்று சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது.

நான் சொல்ல வந்தது சரக்கின் வகையைப் பற்றி. 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ல் என்ற கப்பல் எரிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 1,486 கொள்கலன்கள் இருந்தன. அதில் ஒன்றிலிருந்து நைட்ரிக் அமிலம் கசிந்தது தெரிந்தே கப்பல் வந்தது. பிறகு கரையெல்லாம் பிளாஸ்டிக் மணிகள். கடற்கரையில் அதை அள்ளிய கைகளில் என்னுடையதும் ஒன்று. ஒரு கொள்கலனுக்குள் என்ன இருக்கிறது, எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது அதன் சொந்தக்காரரின் விஷயம் மட்டுமில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

நீங்கள் பித்தோடு நிற்காமல் நாளைக்குச் சிரட்டைக்கரியும் அனுப்ப நினைப்பீர்கள். கவனம். கரி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். முன்பு சோதனைச் சான்று காட்டி ஆபத்தில்லாத சரக்காக அனுப்ப வழி இருந்தது. 2026 ஜனவரி 1 முதல் அது இல்லை, கரி எல்லாம் ஆபத்தான சரக்கு, வகுப்பு 4.2. கொப்பரையும் அதே வகுப்புத்தான்.

#14 குமரிக்கரை

நாங்களும் அள்ளினோம் ஐயா. 2025 மே 25 அன்று கொச்சிக்கு வெளியே எம்எஸ்சி எல்சா 3 கப்பல் மூழ்கியபோது அதில் 640 பெட்டி. அந்த மணிகள் கேரளக் கரையைத் தாண்டி எங்கள் ஊர் மணலிலும் ஒதுங்கின. இன்னும் சலித்தால் கிடைக்கும்.

#15 நேர்வழி

தலைப்பை விட்டு விலகுகிறோம் நண்பர்களே. நான் ஒரு கேள்வி கேட்கிறேன். இந்த 20, 40 என்ற அளவை யார் முடிவு செய்தது? 2.35 அகலத்தை 2.45 என்று வைத்திருந்தால் உலகமே நிம்மதியாக இருந்திருக்குமே.

#16 கணக்குப்பிள்ளை

நல்ல கேள்வி, உங்களிடமிருந்து வந்தது மகிழ்ச்சி.

1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளி ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் 58 பெட்டிகளை நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அவருடைய கம்பெனியின் பெட்டி அடுத்த வருடங்களில் 35 அடி. பசிபிக் பக்கம் மேட்சன் கம்பெனி 24 அடி வைத்திருந்தது. ஒருவர் பெட்டி இன்னொருவர் கப்பலில் பொருந்தாது. பல வருடச் சண்டைக்குப் பிறகு 1960-களில் 10, 20, 30, 40 என்று அடுக்கான அளவுகளுக்கு வந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், முன்னோடிகள் இருவருடைய அளவும் அந்தப் பட்டியலில் இல்லை.

அகலம் 8 அடி என்பது அமெரிக்கச் சாலையில் அன்று லாரிக்கு இருந்த அகலம். இரும்புச் சுவரின் நெளிவுக்குக் கொடுத்தது போக 2.35. ஐரோப்பிய பாலட்டை யாரும் கேட்கவில்லை.

இன்னொன்று. 20 அடி என்கிறோம், உண்மையில் 6.058 மீட்டர், அதாவது 19 அடி பத்தரை அங்குலம். இரண்டு 20-ஐ முன்பின்னாக ஒரு 40-இன் இடத்தில் வைக்கும்போது நடுவே 76 மில்லிமீட்டர், மூன்று அங்குலம், இடைவெளி வேண்டும். அந்த மூன்று அங்குலத்தை இரண்டு பெட்டியும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்கின்றன. எனக்குப் பிடித்த விவரம் இது.

#17 வாழைத்தார்

தேனியிலிருந்து. குளிர்ப்பெட்டி பற்றி யாரும் பேசவில்லையே, ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். ரீஃபர் என்பது சூடான பழத்தைக் குளிர வைக்கும் பெட்டி என்று பலரும் நினைக்கிறார்கள். குளிர வைத்துக் கொண்டுவந்ததை அப்படியே காப்பாற்றும் பெட்டிதான் அது. தோட்டத்துச் சூட்டோடு வாழையை ஏற்றி 13.5 டிகிரி என்று வைத்துவிட்டால், நடுவில் இருக்கும் அட்டைப்பெட்டிக்குக் குளிர் போய்ச் சேர்வதற்குள் பழுக்கத் தொடங்கிவிடும். குளிர்காற்று தரையில் உள்ள வரிப்பள்ளங்கள் வழியாக வந்து மேலே ஏறும். உள்சுவரில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும், அதற்கு மேல் அடுக்கினால் காற்று திரும்ப வழியில்லை. சுவர் தடிமனால் உள்ளே இடமும் குறைவு. 40 ஹைகியூப் ரீஃபரில் 67 கனமீட்டர்தான்.

பித்துக்கு இது வேண்டாம். ஆனால் ஈரம் உங்களுக்கும் எதிரிதான்.

#18 முத்துநகர் யார்டு

அக்கா சொன்ன கடைசி வரியைப் பிடித்துக்கொள்கிறேன். பித்துக்கு அதுதான் பெரிய விஷயம்.

தூத்துக்குடி வெயிலில் ஏற்றி மூடுகிறோம். கப்பல் குளிர் கடலுக்குப் போனதும் கூரைத் தகடு குளிரும். உள்ளே சரக்கிலிருந்து எழுந்த ஈரம் கூரையில் முத்து முத்தாகக் கோத்துச் சொட்டும். பெட்டி வியர்க்கிறது என்போம். வாங்குபவர் கதவைத் திறந்து பூஞ்சையைப் பார்த்துவிட்டு "மழையில் நனைந்த சரக்கு" என்பார். மழையே பெய்திருக்காது. கட்டி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், மரப் பாலட்டும் காய்ந்திருக்க வேண்டும் (அதை மறந்துவிடுவார்கள்), பக்கச் சுவரில் ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு பைகளைத் தொங்கவிட வேண்டும்.

மரப் பாலட் என்றதும் நினைவு வந்தது. வெப்பம் ஏற்றிய முத்திரை, அந்தக் கோதுமைக் கதிர் படம், ஒவ்வொரு பாலட்டிலும் இருக்க வேண்டும். மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் இருந்ததற்கான அடையாளம். முத்திரை இல்லாத ஒரு பாலட் போதும், மொத்தப் பெட்டியும் நிற்க.

பெட்டி வந்ததும் நீங்களே உள்ளே போங்கள். வெளியே ஒருவரை நிறுத்திக் கதவை மூடச் சொல்லுங்கள். இருட்டில் ஒரு நிமிடம் நில்லுங்கள். கூரையிலோ மூலையிலோ நட்சத்திரம் மாதிரி ஒளி தெரிந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். கதவு ரப்பரை விரலால் அழுத்திப் பாருங்கள். மோந்து பாருங்கள். போன முறை மீன்தூள் போயிருந்தால் அந்த வாடை உங்கள் பித்தில் ஏறும். இதில் கூச்சமே வேண்டாம். யார்டுக்காரன் முறைப்பான், மாற்றிக் கொடுப்பான்.

கடைசியாக, பத்து பாலட் நீளம் 11.40. பெட்டி 12.03. கதவுப் பக்கம் 60 சென்டிமீட்டர் சும்மா இருக்கும். அப்படியே விட்டால் கப்பல் ஆடும்போது கடைசி பாலட் கதவில் சாய்ந்து நிற்கும். அங்கே கதவைத் திறக்கிறவர் தலையில் 1,200 கிலோ. மரச்சட்டம் அடியுங்கள் அல்லது காற்றுப்பை வையுங்கள்.

#19 எண் பார்ப்பவன்

ஆவணம் போடுகிறவன் என்ற முறையில் என் பங்கு. பெட்டி எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். நான்கு எழுத்து, ஆறு எண், கடைசியில் கட்டம் போட்ட ஒரு எண். நான்காவது எழுத்து சரக்குப் பெட்டிக்கு எப்போதும் யூ. கட்டத்தில் இருப்பது சரிபார்ப்பு எண். பாடப் புத்தக உதாரணம்: சிஎஸ்கியூயூ 305438, கட்டத்தில் 3. எழுத்துகளுக்கு ஏ 10, பி 12 என்று 11, 22, 33-ஐத் தாண்டிக்கொண்டே மதிப்பு. முதல் இடத்தை 1-ஆல், அடுத்ததை 2, 4, 8, 16 என்று 512 வரை பெருக்கிக் கூட்டினால் 6,185. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 3. ஒரு எண்ணை மாற்றி அடித்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

அதன் கீழே இருப்பது வகைக் குறி. 22ஜி1 என்றால் 20 அடி சாதாரணம். 42ஜி1 என்றால் 40 அடி சாதாரணம். உங்களுக்கு வேண்டியது 45ஜி1, அந்த 5 தான் ஒன்பதரை அடி உயரம். இதை 45 அடிப் பெட்டி என்று படித்துவிட்டு முன்பதிவையே மாற்றச் சொன்ன ஆளை எனக்குத் தெரியும். ரீஃபரில் ஜி இருக்கும் இடத்தில் ஆர், ஓபன் டாப்புக்கு யூ, ஃபிளாட் ரேக்குக்கு (பக்கச் சுவரும் கூரையும் இல்லாதது) பி (P), டேங்குக்கு டி (T).

எடைச் சான்று மறக்காதீர்கள். 2016 ஜூலை 1 முதல் சரிபார்த்த மொத்த எடை இல்லாமல் கப்பலில் ஏற்றமாட்டார்கள். ஏற்றிய பெட்டியை அப்படியே எடைமேடையில் நிறுத்தலாம், அல்லது சரக்கு, பாலட், கட்டுப்பொருள் எல்லாவற்றையும் தனித்தனியாக எடை போட்டு வெறும் பெட்டி எடையோடு கூட்டலாம். உங்களுக்கு முதல் வழிதான் நல்லது. பித்து கட்டி 5 கிலோ என்பது உங்கள் நம்பிக்கை, காற்றின் ஈரத்துக்கு அது தெரியாது.

#20 பொள்ளாச்சிக்காரன்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நேற்றுப் பெட்டி ஏறிவிட்டது.

முதலில் வந்த பெட்டிக்குள் போய்க் கதவை மூடச் சொன்னேன். பின்பக்க மூலையில் கடுகளவு வெளிச்சம். மாற்றித் தரச் சொன்னேன். முறைத்தார்கள், மாற்றினார்கள். இரண்டாவது பெட்டி 45ஜி1, உள்ளே கும்மிருட்டு.

உச்சியில் படுக்கை ஒன்பது கட்டியோடு பாலட் அளந்தால் 2.36 வரவில்லை, 2.40 வந்தது. முத்துநகர் அண்ணன் சொன்ன உப்பல்தான். ஹைகியூப் என்பதால் தப்பித்தேன். 20 பாலட்டும் போயின. கதவுப் பக்கம் காற்றுப்பை இரண்டு, குறுக்கே மரம். எடைமேடையில் பெட்டியோடு மொத்தம் 28,640 கிலோ. வெறும் பெட்டியின் எடையைக் கழித்தால், கணக்குப்பிள்ளை ஐயா போட்ட கணக்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பாலட்டும் ஈரமும்தான் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காக்காரருக்கு 19.5 டன் என்று விலை அனுப்பினேன். "மற்றவர்கள் 24 சொல்கிறார்களே" என்று பதில் வந்திருக்கிறது. என்ன சொல்வது?

#21 பழைய காயம்

அங்கே வண்டிக்கு யார் பணம் கட்டுவார்கள் என்று கேளுங்கள்.